கை நனைக்காத மிஸ்

"தேத்தண்ணி வேண்டாம் அக்கா, கோவியாதேங்கோ" என்று ஆரபி வீட்டுக்காரியிடம் சொன்னதும் சந்தியோகுவின் முகம் கறுத்துவிட்டது.

ஆரபி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் கடலைப் பற்றிப் படிப்பிக்கிறவள். சந்தியோகு கொழும்புத்துறை மீனவர் சங்கத் தலைவர். அந்தக் கரையில் இருக்கும் கடலட்டைப் பண்ணை, கடலுக்குள் அடித்த தன் வேலியை இன்னும் தள்ளி அடிக்க அனுமதி கேட்டிருந்தது. அடித்தால் இவர்கள் இறால் பிடிக்கும் இடம் முழுக்க வேலிக்குள் போய்விடும். பிறகு வள்ளத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பண்ணைக்காரர் கூட்டிவந்த நிபுணர், வேலியால் ஒரு தீங்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். "பண்ணைச் சோறு திண்டவர் வேறை என்னத்தை எழுதுவார்? ஒரு பக்கமும் சாராத ஆள் வேணும்" என்று பிரதேச செயலகத்தில் சண்டை பிடித்து, ஆரபியை வரவழைத்ததே சந்தியோகுதான்.

வந்தவளோ கோப்பையைத் தொடமாட்டேன் என்கிறாள்.

"பொரிச்ச இறாலாவது ஒரு வாய்..." என்று இழுத்தாள் அவர் மனைவி யசிந்தா.

"வேண்டாம் அக்கா." பையிலிருந்து தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து இரண்டு மிடறு குடித்துக்கொண்டாள்.

சந்தியோகு தன் வள்ளத்தைத் தருவதாகச் சொன்னார். அதுவும் வேண்டாமாம். வேறு ஊரில் வாடகைக்குப் பிடித்துவிட்டாளாம்.

அவள் போனதும் யசிந்தா வெடித்தாள். "சாதி பாக்கிறா, வேறை என்ன? அந்தக் காலத்திலைதான் எங்கடை வீடுகளிலை கை நனைக்கமாட்டினம் எண்டால், இவ்வளவு படிச்சும் அந்தக் குணம் போகேல்லையே!"

சந்தியோகுவுக்கு நெஞ்சு எரிந்தது. சந்தையில், கோயில் வாசலில், கண்ட கண்ட இடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

ஆனாலும் அவள் கடலில் என்னதான் செய்கிறாள் என்று பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு சதுரச் சட்டத்தை அடியில் வைக்கிறாள். அதற்குள் எவ்வளவு கடற்புல் இருக்கிறது என்று எண்ணுகிறாள். சின்னக் கைவலையால் அள்ளி, குஞ்சு இறாலை எண்ணிவிட்டுத் திரும்பக் கடலில் விடுகிறாள். வேலிக்குள்ளும் அதே வேலை, வெளியேயும் அதே வேலை. ஒருநாள் எவரும் போகாத ஒரு மூலையில் போய் நின்றாள். சந்தியோகு வள்ளத்தை மெல்ல அந்தப் பக்கம் விட்டார்.

"மிஸ், உந்த இடத்திலை வேலியும் இல்லை, எங்கடை வலையும் இல்லை. உங்கை நிண்டு என்னத்தை எண்ணுறியள்?"

"ஒருத்தரும் கை வைக்காத இடம் எப்பிடி இருக்கெண்டு தெரியாட்டி, கை வைச்ச இடத்திலை என்ன குறைஞ்சுதெண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?"

அட, கதை சரிதானே என்று பட்டது அவருக்கு. "அப்ப எங்கடை பக்கம்தான் நியாயம், என்ன மிஸ்?"

"தெரியேல்லை அண்ணை. எண்ணி முடியட்டும்."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? புறுபுறுத்தபடி வள்ளத்தைத் திருப்பினார்.

பிரதேச செயலகத்தில் கூட்டம் கூடியது. ஆரபி எழுந்து சொன்னாள். வேலிக்குள் கடற்புல் அழுகிப்போய்விட்டது, புல்லில் ஒதுங்கி வளரும் குஞ்சு இறால் அங்கே இல்லவே இல்லை, வேலியைத் தள்ளி அடித்தால் மிச்சமும் போய்விடும்.

சந்தியோகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இன்னொண்டும் இருக்கு. சின்னக்கண் வலை போடுற இடங்களிலையும் குஞ்சு இறால் குறைவாத்தான் இருக்கு. அது வலையாலதானோ எண்டு தனியாப் பாக்கவேணும்."

நிமிர்ந்த நெஞ்சு ஒடுங்கியது. அவருடைய வலையும் சின்னக்கண் வலைதான்.

பண்ணை மேனேச்சர் தனோஜன் துள்ளி எழுந்தார். "மிஸ் இவ்வளவு நாளும் மீனவரின்ரை கரையிலைதான் நிண்டவா. அவையின்ரை வள்ளம், அவையின்ரை சோறு. அறிக்கை வேறை எப்பிடி வரும்?"

சந்தியோகுவுக்கு அடக்கிவைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடை சோறோ? என்ரை மனிசி இறால் பொரிச்சு வைச்சுக்கொண்டு கெஞ்சினவள்! பச்சைத் தண்ணிகூட வாயிலை வைக்கேல்லை! வள்ளத்திலை காலும் வைக்கேல்லை! ஊர் முழுக்கக் கேட்டுப் பாருங்கோ!"

சபை சிரித்தது. பிரதேச செயலர் அம்மா தனோஜன் பக்கம் திரும்பினார். "உங்களிட்டை ஏதாவது வாங்கினவாவோ?"

தனோஜன் தலையைச் சொறிந்தார். "வாகனம் அனுப்பினாங்கள். திருப்பி அனுப்பிப்போட்டா."

"அப்ப இதைவிட எந்த அறிக்கையை நம்புறது?" என்றார் அம்மா. வேலிக்கு அனுமதி இல்லை என்று அங்கேயே முடிவானது.

சந்தியோகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் அன்று அந்தத் தேத்தண்ணியைக் குடித்திருந்தால், கடல் போயிருக்கும்! இது விளங்காமல் அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் சொன்னார்!

வெளியே வந்ததும் ஓடிப்போய் அவளை மறித்தார். "மிஸ், நான் உங்களை ஊரெல்லாம் பிழையாக் கதைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்ப எல்லாம் முடிஞ்சுதுதானே. வீட்டை வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

ஆரபி சிரித்தாள். "எனக்கும் அக்கான்ரை இறாலிலை ஆசைதான் அண்ணை. ஆனா உங்கடை வலையளைப் பாக்கிற வேலையையும் இப்ப என்னட்டைத்தான் தந்திருக்கினம்."

எண்ணி முடிந்தால் சந்தியோகுவின் சின்னக்கண் வலை அவர் கையை விட்டுப் போகலாம். அது அவருக்கும் தெரியும்.

"அப்ப என்ரை வீட்டுப் படலையை மிதிச்சுப்போடாதேங்கோ மிஸ்" என்றார் சந்தியோகு. "வந்தாலும் பச்சைத் தண்ணி தரமாட்டன்."