என்னுடையதை நிறுத்துங்க

"எல்லாத்தையும் தனித்தனியாப் பூட்டி வச்சா, அது இயங்குதளமா, ஜெயிலா?"

தலைமைப் பொறியாளருக்கு இளக்காரம் தாங்கவில்லை. தங்கை புருஷன்தான் முதலாளி என்பதால் அவர் வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது.

செயற்கை சுவாசக் கருவி வாங்க வந்திருந்த டாக்டரிடம் முதலாளி விளக்கினார். "இந்தக் கருவியை ஓட்டுற இயங்குதளத்துக்கு நடுவுல சின்னதா ஒரு மையக்கரு, கர்னல்னு பேரு. அதுக்கு மேல பகுதி பகுதியாக் கட்டியிருக்கோம். ஒண்ணு செத்தாலும் மத்தது ஓடும்."

"எங்கே, ஒண்ணை நிறுத்திக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

"நான் எழுதின பகுதியை நிறுத்துங்க மாப்ள! மொத்தமும் படுத்துடும். அப்பத் தெரியும் என் அருமை."

கணினி முன் இருந்தவள் தயங்கினாள். "அதை நிறுத்த முடியாது சார்."

"பாத்தீங்களா!"

"அது போன மாசமே செத்துப்போச்சு. இன்னும் உங்களுக்கே தெரியல."

சுவாசக் கருவி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இதையே வாங்கிக்கறேன்" என்றார் டாக்டர்.