சனிக்கிழமைக் கோளாறு

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனியில் நானூறு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். எங்கப்பா வீட்டிலிருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் ஒரு வருஷமாக அவரால் சரிபண்ண முடியவில்லை.

வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அப்பா வீடுகளுக்கு பிளான் வரைகிறவர். ரிட்டயர் ஆன பிறகும் ஒரு இன்ஜினியருக்கு வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறார். பழைய டிஸ்க் திணறுகிறதென்று போன வருஷம் இவர்தான் புதுசு ஒன்று வாங்கிப் போட்டார். பழசைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுசில் சிஸ்டத்தை ஏற்றியிருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டார். சிஸ்டம் புதுசில் உட்கார்ந்தது, அதை எழுப்பிவிடுகிற பூட் பார்ட்டிஷன் மட்டும் பழசிலேயே தங்கிவிட்டது. புது வீட்டுக்குக் குடிபோய்விட்டுச் சாவியைப் பழைய வீட்டில் விட்டுவந்த கதைதான். பழசு சண்டித்தனம் பண்ணினால் புதுசும் எழுந்திருக்காது, திரை கறுப்பாக நிற்கும்.

அதுவும் கரெக்டாகச் சனிக்கிழமை சாயங்காலம்தான் நிற்கும்.

அப்பா எனக்கு போன் பண்ணுவார். "அது மறுபடியும் எழுந்திருக்கல. வரச் சொல்லு" என்பார். யாரை என்று சொல்லமாட்டார். எங்கள் கல்யாணம் அவருக்குப் பிடிக்காத கல்யாணம். பதினொரு வருஷமாக இவரை நேரே கூப்பிட்டதே கிடையாது. அம்மா போனபிறகு, நாங்கள் ரெண்டு பேரும் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றேன். நீ வா, அவர் வேலை இருந்தால் வரட்டும், சும்மா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இவர் பையைத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு மணிக்குத் திரும்புவார். சரியாயிடுச்சா என்றால், "இப்போதைக்கு" என்பார். வருஷம் பூரா இதே பாட்டு. பூட் பார்ட்டிஷனைப் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை என்று எங்கள் ஆபீஸுக்கு வருகிற மெக்கானிக் பெண் சொல்கிறாள். இவரிடம் கேட்டால் பார்க்கலாம் என்று நழுவிவிடுவார். மாமனார் மதிக்கவில்லை என்கிற ஆத்திரத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

போன வாரம் சனிக்கிழமை அப்பாவிடமிருந்து போன் வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. இவரிடம் மூச்சுவிடாமல் அந்த மெக்கானிக் பெண்ணையே கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்த்ததுமே அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுக்கெல்லாம் எதுக்கு வெளியாளு என்று முணுமுணுத்துக்கொண்டே டீ போடப் போனார்.

அவள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. நாலைந்து பட்டனைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பூட் பார்ட்டிஷன் புது டிஸ்க்லயே இருக்கு. போன வருஷமே போட்டிருக்காங்க. நல்ல சுத்தமான வேலை. ஆனா, புது டிஸ்க்கைப் பார்க்காதேன்னு செட்டிங்கை யாரோ வேணும்னே மாத்தி வச்சிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டியின் உள்விவகாரம் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தானே? செட்டிங்கைச் சரிபண்ணி, இனி யாரும் கைவைக்காதபடி அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுவிடச் சொன்னேன். அப்பா டீயோடு வந்தபோது, இனிமேல் உங்களுக்குத் தொந்தரவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். "நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். வயசான மனுஷனோடு இப்படியா விளையாடுவது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், பாஸ்வேர்ட் என்றதும்தான் நிமிர்ந்தார்.

"அதை எதுக்குப் போட்டே?" என்றார். "அந்தக் கோளாறை நான் ரெண்டாவது வாரமே சரிபண்ணிட்டேன். எப்படிப் பண்ணினேன்னு பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதி வச்சுக்கிட்டார் உங்கப்பா. அதுக்கப்புறம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாத்தி வைக்கிறது அவர்தான்."

"தெரிஞ்சேவா போனீங்க?"

"போனதும் ஒரு நிமிஷத்துல சரிபண்ணிடுவேன். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல உங்கம்மாவைப் பத்திப் பேசுவார். உன்கிட்டப் பேசினா நீ அழுதுடுவியாம்."

நான் அழுதுவிட்டேன்.

ஒரு வருஷமாகப் பாடுபட்டு ரெண்டு பேரும் கட்டிக்காத்ததை ஒரே சாயங்காலத்தில் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்பாவைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டைச் சொல்லிவிடலாமா என்று வாரம் முழுக்கத் தவித்தேன். சொன்னால் எனக்கு விஷயம் தெரியும் என்று ஆகிவிடும். கூனிக்குறுகிப் போவார். நாமே போய் நிற்கலாம் என்றால், சும்மா வரவேண்டாம் என்றவர் அவர்.

நேற்று சனிக்கிழமை. ஐந்து மணி ஆயிற்று, போன் வரவில்லை. ஆறும் ஆயிற்று. இவர் டிவியைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆறரைக்கு போன் அடித்தது. என்னுடையது இல்லை, இவருடையது. அப்பாவின் குரல் பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

"மாப்பிள்ளை, பிரிண்டர் மக்கர் பண்ணுது. நாளைக்கு வந்து பார்க்கிறீங்களா?"

"பத்து மணிக்கு வந்துடறேன் மாமா" என்று சொல்லிவிட்டு, இவர் எழுந்துபோய்ப் பையை எடுத்து வைத்தார்.

அப்பா வீட்டில் பிரிண்டரே கிடையாது.