பீரங்கியால் போன காது

எம். புதுப்பட்டிக் கடைத்தெருவில், சம்சாத்தின் டெலிபோன் பூத்துக்குள் மாரிசெல்வி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நிற்கிறாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேராக ஓடி வந்தவள். மணிக்கட்டில் ஒட்டிய அலுமினியத் தூள் சாயங்கால வெயிலில் மினுங்குகிறது. மறுமுனையில் மதுரை வக்கீல் பேசுகிறார். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கணவன் ஊர்க்காவலன் அவள் உதடுகளையே பார்க்கிறான். பீரங்கிப் படையில் வேலை பார்த்துக் காது மந்தமாகி ஊர் திரும்பியவன் அவன். பட்டாசு ஊர்க்காரனுக்கு இங்குள்ள வெடிச் சத்தத்தில்தான் காது போயிருக்கும் என்று அவன் பென்ஷன் மனுவை அதிகாரிகள் தள்ளிவிட, வழக்கு இத்தனை வருஷம் இழுத்துவிட்டது. மாரிசெல்வி அவன் பக்கம் திரும்பிக் கத்துகிறாள்: "ஏங்க, செயிச்சுட்டோம்! ஒங்க காது பட்டாளத்துலதான் போச்சுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாகளாம்! நீங்க வெளிய வந்த நாள்ல இருந்தே பென்ஷன் உண்டாம்!" எதிர்க்கடையில் டீ ஆற்றும் கை அந்தரத்தில் நிற்கிறது. "ஊருக்கே கேட்டுருச்சு. அண்ணனுக்குக் கேட்டுச்சா?" என்று சம்சாத் சிரிக்கிறாள். கேட்டுவிட்டது. அவன் உள்ளே வந்து ரிசீவரை வாங்குகிறான். முதுகு தானாக நிமிர்கிறது. "ரொம்ப நன்றிங்க சார்," என்கிறான். பிறகு, "சரிங்க சார்... ஆமாங்க சார்," என்று முகமெல்லாம் மலரத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறான். மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடாமல் நிற்பதை மாரிசெல்வி பார்க்கிறாள். வக்கீல் எப்போதோ போனை வைத்துவிட்டார். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள்.