தேதிக்காரர்

"சார், அந்தப் பெரியவரை முதல்ல இந்த வார்டை விட்டு மாத்துங்க. இல்லேன்னா எங்களை மாத்திடுங்க."

சிறை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே வார்டர் காதில் விழுந்த புகார் இது. பேசத் தெம்பிருந்த நோயாளிக் கைதிகள் எட்டுப் பேரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்.

"அவர் என்னய்யா பண்ணினார்?"

"காலைத் தொடுறார் சார்."

வார்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயசுல பெரியவர் உங்க காலைத் தொட்டா உங்களுக்குத்தான்யா பாவம். வேறென்ன?"

யாரும் சிரிக்கவில்லை.

"மத்தியானம் ஆனா ஒவ்வொரு கட்டிலா வருவார். உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். விட்டுட்டுப் போயிட்டா பிழைச்சோம். விடாம பிடிச்சுக்கிட்டு நின்னார்னா, காதுல குனிஞ்சு என்னமோ முணுமுணுப்பார். அந்த ஆள் மறுநாள் விடியறதைப் பார்க்கிறதில்ல. இதுவரைக்கும் பதினோரு பேர்."

"அதான் சார், தேதிக்காரர்னே பேர் வச்சுட்டோம்."

கடைசிக் கட்டிலில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதுவும் காதில் விழாத மாதிரி.

ஜன்னலோரக் கட்டிலில் டெய்லர் கிடந்தார். இரண்டு நுரையீரலும் போய்விட்டன. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், ஜாமீன் கொடுங்கள் என்று அவர் மகள் போட்ட மனு திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வருகிறது. இன்று வெள்ளி.

"மூணே நாள் சார். அதுவரைக்கும் தேதிக்காரர் இவர்கிட்ட வராம பார்த்துக்குங்க. புண்ணியமாப் போகும். மக மடியில கண்ணை மூடட்டும்."

"நான் இருக்கேன்ல, பார்த்துக்கிறேன்" என்றார் வார்டர்.

மறுநாள் மதியம் டெய்லர் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சரியாக மூன்று மணி. கடைசிக் கட்டில் கிரீச்சிட்டது. ரப்பர் செருப்பு தரையில் தேய்கிற சத்தம்.

எட்டு ஜோடிக் கால்களும் போர்வைக்குள் சுருண்டன. டெய்லரின் கால்கள் மட்டும் வெளியே கிடந்தன. இழுத்துக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை.

தேதிக்காரர் வந்தார். தொட்டார்.

விடவில்லை.

"பெரியவரே, கையை எடுங்க!"

"கொஞ்சம் பொறுங்க சார்."

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார் அவர். வார்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார். பிடித்துத் தள்ள வேண்டும் என்று நினைத்தார். கை எழவில்லை.

தேதிக்காரர் சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். டெய்லர் காதருகே குனிந்தார்.

"டெய்லர் தம்பி, உங்களுக்கு ஜாமீன் கிடைச்சிருச்சு. இதோ ஆர்டர், படிக்கிறேன் கேளுங்க. 'உடல்நிலையைக் கருத்தில் கொண்டும், மனிதாபிமான அடிப்படையிலும்...'"

டெய்லர் கண் திறந்தார். "மக...?"

"கேட்டுக்கு வெளியில நிக்கிறா. வண்டி கொண்டு வந்திருக்கா. உங்க மெஷினுக்கு எண்ணெயெல்லாம் போட்டு வச்சிருக்காளாம்."

"என் சட்டை... பட்டன் போனதைக் குடுத்துடாதீங்க. டெய்லர் மானம் போயிடும்."

"நல்லதாத்தான் எடுத்து வச்சிருக்கு."

டெய்லர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

வார்டருக்கு வந்ததே கோபம்! "சாகிறவன்கிட்ட பொய் சொல்றியா? எங்கே திருடினே இதை?" தாளைப் பிடுங்கினார்.

போலி இல்லை. கோர்ட் முத்திரை, நீதிபதி கையெழுத்து எல்லாம் இருந்தன. தேதி மட்டும் நான்கு வருஷத்துக்கு முந்தையது. பெயர், எதிரே நிற்கிற பெரியவருடையது.

வார்டர் குரல் இறங்கிவிட்டது. "இது... உங்க ஜாமீன் ஆர்டரா?"

"ஆமா சார். இருதயக் கோளாறுன்னு குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் இன்னும் உள்ளே இருக்கீங்க?"

"ஜாமீன் நிக்க வெளியிலேருந்து ரெண்டு பேர் வரணும்ல சார். எனக்கு யாரும் வரல."

தாளைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பு மாறாமல் மடித்தார்.

"உள்ளங்கால் ஜில்லிட்டுப் போச்சுன்னா, அவங்களுக்கு அப்புறம் திங்கட்கிழமை கிடையாது சார். எனக்குத்தான் உதவாத ஆர்டரு, போறவங்களாவது கைதியா போகாம இருக்கட்டுமேன்னு படிச்சுக் காட்டுறேன்."