ஏறாத படம்

மூன்றாவது முறையும் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இது படக் கோப்பு அல்ல.

"என் பிள்ள மூஞ்சி படமில்லன்னா வேற என்னாவாம் தம்பி?" என்றார் மீனம்மா. புக்கிட் காத்திலிலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தார். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

"கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான் லா," என்றார் அப்புசாமி அண்ணன்.

மலாக்கா டவுனில் இருக்கும் இந்தக் கல்யாணத் தகவல் நிலையம் அவருடையது. அதை இணையத்தில் ஏற்றிக் கொடுத்தவன் நான். இரவில் ஃபேக்டரி, பகலில் இது. டிப்ளோமாவைப் பாதியில் விட்டவனுக்கு இதுவே அதிகம்.

முன்பு ஒருவர் மகனின் ஜாதகத்தை டைப் செய்து, கோப்புப் பெயரின் கடைசியில் மட்டும் படத்துக்குரிய .jpg என்று மாற்றி ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன்பின் பெயரை நம்பாமல், கோப்பின் தொடக்கத்தைப் படித்துப் பார்க்கும்படி புரோகிராம் எழுதினேன். உள்ளே இருப்பது படமாக இருந்தால்தான் ஏறும்.

மீனம்மாவின் டிஸ்க்கில் இருந்தது படம்தான். கிளேபாங் ஸ்டூடியோவில் எடுத்து, அங்கேயே ஸ்கேன் செய்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு நான் எழுதிய ஒரு வரியில் இருந்தது. மீனம்மா மகன் விமலனின் அடையாள அட்டை எண் வந்தால், எதைக் கொடுத்தாலும் படமில்லை என்று சொல். அவ்வளவுதான்.

நான் மறுத்தால் சண்டை வரும். மெஷின் மறுத்தால் திட்டு ஸ்டூடியோக்காரனுக்குப் போகும்.

போன வருடம் ரெம்பியாவில் எங்கள் வீட்டுக்கு என் தங்கை திலகவதியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இவர்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து உள்ளறையில் கைலியோடு படுத்திருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மாவின் குரல் கேட்டது.

"படத்துல ஒரு நிறம், நேர்ல ஒரு நிறம்."

பலகை இடுக்கில் பார்த்தேன், தங்கை தட்டோடு நின்றிருந்தாள். நான் வெளியே வரவில்லை. அதனால் இவர்களுக்கு என் முகம் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் ஒரு படமும் எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் கேமராவைத் தூக்கினால் எழுந்து போய்விடுவாள்.

நான்காவது முறை விமலனும் வந்தான். மீனம்மா அப்புசாமி அண்ணனின் மேசைக்குப் போய் ஸ்டூடியோக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். விமலன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"பிரதர், இன்னிக்கும் ஏறலன்னே சொல்லிடுங்க."

நான் அவனைப் பார்த்தேன்.

"எனக்குக் கல்யாணமே வேணாம். அம்மாகிட்ட சொல்ல தைரியம் இல்ல. ரெம்பியால ஒரு பொண்ணு பாத்தோம். நல்ல பொண்ணுதான். நிறம் கம்மின்னு நான்தான் அம்மா காதுல போட்டுவிட்டேன். இப்ப உங்க மெஷின் காப்பாத்துது."

சிரித்தான்.

ஒரு மாதமாக நான் இவனுக்கு வேலை பார்த்திருக்கிறேன்.

"ஒரு நிமிஷம்," என்றேன். அந்த வரியைத் தேடி அழித்தேன். டிஸ்க்கைச் செருகி, படத்தை அனுப்பினேன்.

மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. நெற்றி. கண். மீசை.

"ஆன்ட்டி, ஏறிடுச்சு!"

மீனம்மா ஓடி வந்தார். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விமலன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

முதல் பக்கத்தில், முதல் வரிசையில் போட்டேன்.

இரண்டாம் நாள் ஜாசினிலிருந்து போன் வந்தது. அப்புசாமி அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

பேசியது விமலனின் படத்தைப் பார்த்த ஒரு பெண்ணின் அண்ணன். தங்கைக்குப் பார்க்கிறோம், மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தீர்களா என்று கேட்டான்.

"எல்லாம் செக் பண்ணியாச்சு," என்றேன்.