பதினேழாம் கண்ணாடி

"கண்ணாடி மாறிப்போச்சு, குன்வோர். யாருக்கும் நடக்கிறதுதான். கையெழுத்துப் போட்டுடுங்க."

ஆய்வுக்கூடத் தலைவன் எஸ்கில், தவறை ஒப்புக்கொள்ளும் தாளை நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்தான்.

மூத்த உதவியாளர் குன்வோர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுண்ணோக்கிக்கு அடியில் இருந்த கண்ணாடித் தகட்டில் ஒரு பெண்ணின் சிறுநீரகத் துணுக்கு. ரத்தப் புற்றுநோய் வந்து, ஓர் ஆணின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிக்கொண்டு பிழைத்தவள். பின்னால் சிறுநீரகமும் பழுதாயிற்று. அந்த மஜ்ஜையின் செல்கள் சிறுநீரகம்வரை போய் ஏதாவது செய்கின்றனவா என்பதுதான் ஆய்வு.

சாயம் ஏற்றிப் பார்த்தால், ஆண் செல்லில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும்.

பதினேழாம் கண்ணாடியில் பதினொரு புள்ளிகள். எல்லாம் சிறுநீர் ஓடும் நுண்குழாய்களின் சுவரில்.

"மஜ்ஜை செல்லு ரத்தத்தோட வந்துட்டுப் போகும், சரி. சுவர்லயே குடித்தனம் பண்ணுமா? இது எவனோ ஆம்பளையோட கண்ணாடி."

"சுவர் இடிஞ்சு கிடந்தா, கட்டி முடிச்சிட்டுத்தான் நகரும்."

"கையெழுத்துப் போட்டா இதைக் குப்பையில போட்டுட்டு மேல போகலாம். இல்லேன்னா ஆய்வுலேர்ந்து உங்க பேரை எடுக்க வேண்டியிருக்கும்."

"உனக்குப் பால்பல்லு விழுறப்பவே நான் இங்க துணுக்கு வெட்டிக் கண்ணாடியில ஏத்திக்கிட்டிருந்தேன், எஸ்கில். ஒண்ணுகூட மாத்தினதில்ல. என் பேரை எடுத்துக்கோ. பதினேழைத் தொடாதே."

"யாருன்னே தெரியாத ஒருத்திக்காகவா இவ்வளவு பிடிவாதம்?"

அவள் நுண்ணோக்கியின் திருகைத் திருகினாள். அவன் கதவை வேகமாகச் சாத்திக்கொண்டு போனான்.

பெர்கன் நகரத்து மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.

குன்வோர் மெல்ல நிமிர்ந்து இடுப்புக்கு மேல் கையை வைத்து அழுத்தினாள். ஊசி இறங்கிய இடம் மூன்று வாரமாகியும் வலிக்கிறது.

கைப்பையில், மதியத்து ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில், தன் சிறுநீரகத்தில் துணுக்கு எடுக்கச் சம்மதித்து அவள் கையெழுத்திட்ட தாள் மடிந்து கிடந்தது. அதன் மூலையில் எண் பதினேழு.

அவளுக்கு மஜ்ஜை கொடுத்தவன் தம்பி ஓட்வார். குழாய் ரிப்பேர்க்காரன். விருந்துக்குக் கூப்பிட்டாலும் முதலில் சமையலறைத் தொட்டிக்கு அடியில்தான் தலையை விடுவான்.

அவனைப் புதைத்து நாலு வருடம்.

எஸ்கிலின் தாளில் 'காரணம்' என்ற இடத்தில் 'வேற்று ஆளின் துணுக்கு' என்று எழுதியிருந்தது.

குன்வோர் அதைக் கவிழ்த்து, மேலே காப்பிக் கோப்பையை வைத்தாள். நுண்ணோக்கியில் கண்ணைப் பொருத்தி முதலிலிருந்து எண்ணினாள். முன்பு கண்ணுக்குத் தப்பிய ஒன்று ஓரத்தில் இருந்தது.

பன்னிரண்டு.