ஒரு முழம் கீழே

மரம் அறுக்கும் மிஷினைக் கையில் வாங்கியதுமே மெக்கானிக் காயாரோகணத்துக்குக் கோபம் வந்தது. செயினில் பாதிப் பல் போயிருந்தது.

“ஆணியில விட்டீங்களா?”

“ஆமாண்ணே. மொதலாளி வீட்டு மிஷின், எனக்குப் பழக்கமில்ல. பாதி மரத்துல நின்னுபோச்சு,” என்றான் வந்தவன்.

புதுச் செயின் மாட்டி, ஓட்டியும் காட்டினார். “ஆணிக்கு ஒரு முழம் கீழ அறுங்க. வாழத்தண்டு மாதிரி அறுபடும்.”

சாயங்காலம் ஊர் திரும்பினார். மனைவி தையல்நாயகி வயலில் உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கு சர்வேயருக்கு எதைக் காட்டுவீங்க?”

பண்ணையோடு நடக்கும் எல்லை வழக்கில் அவர்களுக்கிருந்த ஒரே சாட்சி, வரப்புப் பனை. அது விழுந்து கிடந்தது. தூரையும் பிடுங்கி வரப்பைச் சமமாக்கியிருந்தார்கள்.

நிலம் கைக்கு வந்த அன்று, கட்சிக்கொடி கட்ட அவருடைய அப்பா அறைந்த ஆணி மரத்தில் அப்படியே இருந்தது. ஆணியருகே, பாதியில் நின்ற வெட்டு. அதற்கு ஒரு முழம் கீழே, பிசிறில்லாமல் இன்னொன்று.